இன்க்ரிமெண்ட் ஷீட் போடுறது எப்படி? மார்ச் மாச தலைவலிய நவம்பர்லயே ஆரம்பிச்சிடுங்க

கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப்புக்கு உதிரிபாகம் பண்ற ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கத்தான் சேந்தேன், ஹெச்ஆர்னு தனியா ஆள் வைக்க மாட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அப்படியே அந்த வேலையும் என் தலைல வந்து உக்காந்துடுச்சு. பதினோரு வருஷமா ஸ்டாஃப் இன்க்ரிமெண்ட் ஷீட் போடுறது நான்தான். மொத வருஷம் எப்படி போட்டோம்னு சொன்னா சிரிப்பீங்க. முதலாளி ரூம்ல உக்காந்து நான் லிஸ்ட்ட வாசிக்கணும், அவர் வாய்க்கு வந்தத சொல்வார். "இவனுக்கு ரெண்டாயிரம் போடு, அந்தம்மாவுக்கு ஆயிரத்தைநூறு, அடுத்து யாரு... இது யாருப்பா?" அந்த "யாருப்பா" ஆளு வருஷம் பூரா நைட்ல நின்னு டிஸ்பேட்ச கரை சேத்தவர். 700 ரூபா விழுந்துச்சு. மே மாசம் பேப்பர் போட்டுட்டு போயிட்டார், அவர் எடத்துக்கு வந்த ஆளுக்கு அவர் வாங்குனத விட 6,500 அதிகமா குடுத்தோம், அதுவும் அந்தாளுக்கு வேலை பிடிபடவே நாலு மாசம் ஆச்சு.

அதுக்கப்புறம் நானா தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். முப்பது நாப்பது பேர்ல இருந்து நூறு நூத்தம்பது பேர் வரைக்கும் இருக்கற கம்பெனிக்கு, மொத தடவை இந்த வேலை தலைல விழுந்தவங்களுக்கு எழுதறேன். சம்பளம் வாங்கற பக்கம் இருக்கறவங்களும் படிங்க, உங்க லெட்டர்ல அந்த நம்பர் எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கேக்க வேண்டிய நேரத்துல கேக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே மனசுல வாங்கிக்கங்க. பர்சென்ட்டுங்கறது கடைசில வர்றது. எல்லாரும் "இந்த வருஷம் எட்டா பத்தா"ன்னு அங்கருந்துதான் ஆரம்பிப்பாங்க, அது தலைகீழ். மொதல்ல கம்பெனி மொத்தமா எவ்ளோ ரூபா தாங்கும், அப்புறம் யாரு சம்பளம் வெளி ரேட்ட விட பின்னாடி கெடக்கு, அப்புறம் யாரு நல்லா வேலை பாத்தாங்க, இதெல்லாம் முடிஞ்சா பர்சென்ட் தானா வந்து நிக்கும்.

நவம்பர்ல ஏன் ஆரம்பிக்கணும்

ஏப்ரல்ல குடுக்கப்போற காசுக்கு நவம்பர்ல என்ன அவசரம்னு எங்க முதலாளியும் கேட்டார். கஸ்டமர் கிட்ட ரேட் பேசறது ஜனவரி பிப்ரவரில. அந்த கொட்டேஷன்ல லேபர், ஓவர்ஹெட்னு ஒரு நம்பர் போடுவோம் இல்ல, அதுல அடுத்த வருஷ சம்பள உயர்வு உள்ள இல்லன்னா அந்த வருஷம் பூரா நாம கைக்காசுலதான் இன்க்ரிமெண்ட் குடுக்கணும். மார்ச்ல உக்காந்து "மார்ஜின் இல்லப்பா, இந்த வருஷம் அஞ்சு பர்சென்ட்டோட முடிச்சுக்கலாம்"னு சொல்றதுக்கு பாதி காரணம், ஜனவரில கணக்கு போடாம ரேட் குடுத்ததுதான்.

நவம்பர்ல ஒரு எக்செல் ஷீட் தெறந்துக்கங்க. ஒவ்வொருத்தர் பேரு, சேந்த தேதி, இப்ப கிராஸ் (பிடித்தம் போறதுக்கு முன்னாடி மொத்த சம்பளம்), பேசிக் (அலவன்ஸ் சேக்காத அடிப்படை சம்பளம்), கடைசி மூணு வருஷம் எவ்ளோ ஏத்துனோம், கடைசியா எப்ப ப்ரமோஷன். இவ்ளோ போதும். இந்த கடைசி மூணு வருஷ உயர்வ எழுதற பத்தி (column) ரொம்ப முக்கியம், வாயே தெறக்காத ஆளுங்க அதுலதான் மாட்டுவாங்க, தொடர்ந்து மூணு வருஷமா 4, 4, 5னு போயிருக்கும், யாரும் கவனிச்சே இருக்க மாட்டோம்.

மொத்த காசு எவ்ளோன்னு கண்டுபிடிக்கறது

42 ஸ்டாஃப் இருக்காங்கன்னு வச்சுக்கலாம், மாச கிராஸ் மொத்தம் 12,60,000, அதாவது சராசரி ஆளுக்கு 30,000. எட்டு பர்சென்ட் ஏத்துனா மாசம் 1,00,800, வருஷத்துக்கு 12,09,600. முதலாளிங்க இங்கயே நிறுத்திடுவாங்க. ஆனா பேசிக் ஏறினா பின்னாலயே இன்னும் சிலது ஏறும். கிராஸ்ல பாதி பேசிக்னா பேசிக் மாசம் 50,400 ஏறுது, முழு பேசிக்குக்கும் பிஎஃப் கட்டற கம்பெனியா இருந்தா கம்பெனி பங்கு 12, அட்மின் சார்ஜ் அரை, ஈடிஎல்ஐ (பிஎஃப்போட சேந்த உயிர் காப்பீடு) அரை, ஆக 13 பர்சென்ட், கிராஜுவிட்டிக்கு (வேலைய விட்டு போறப்ப குடுக்கற பணிக்கொடை) ஒதுக்கறது 4.81 பர்சென்ட். ரெண்டும் சேந்து வருஷத்துக்கு இன்னொரு 1,07,000 சொச்சம். அப்ப நிஜ செலவு 13 லட்சத்து 17 ஆயிரம் கிட்ட வருது. பிஎஃப்ப 15,000 பேசிக்கோட நிறுத்தி 1,800 மட்டும் கட்டற எடமா இருந்தா, ஏற்கனவே 15,000 தாண்டினவங்களுக்கு பிஎஃப் ஏறாது, கொஞ்சம் குறையும்.

கிராஜுவிட்டில யாரும் யோசிக்காத ஒரு கூத்து இருக்கு. அது கடைசியா வாங்குன பேசிக்க வச்சு கணக்கு போடறது, 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள்னு வகுத்து, சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். இருபது வருஷம் ஆன ஸ்டோர்ஸ் அண்ணாவுக்கு இன்னிக்கு பேசிக்ல 2,000 ஏத்துனா அது இந்த வருஷத்துக்கு மட்டும் ஏத்தறது இல்ல, போன இருபது வருஷத்துக்கும் சேத்து ஏத்தறது, ஒரே கையெழுத்துல கம்பெனி கடன் 23,000 ரூபா கிட்ட கூடிடும். அதுக்காக அவருக்கு ஏத்தாதீங்கன்னு சொல்லல, தெரிஞ்சு ஏத்துங்கன்னு சொல்றேன். அப்படி பயந்துக்கிட்டு மொத்தத்தையும் ஸ்பெஷல் அலவன்ஸ்ல தள்ளற பழக்கம் நம்மூர்ல நெறைய எடத்துல உண்டு. 2025 நவம்பர் 21ல புது லேபர் கோட் நடைமுறைக்கு வந்ததுல அந்த வித்தைக்கு வேலை இல்லாம போச்சு, அலவன்ஸ் எல்லாம் சேந்து மொத்த சம்பளத்துல பாதிய தாண்டினா தாண்டின அளவு வேஜஸ்லதான், அதாவது பிஎஃப் கிராஜுவிட்டி கணக்கு போடற சம்பளத்துலதான் சேரும்.

சரி, 13 லட்சம் தாங்குமான்னு எப்படி பாக்கறது? நான் பாக்கறது விற்பனைல ஸ்டாஃப் சம்பளம் எத்தனை பர்சென்ட்ங்கறது. வருஷம் 14 கோடி சேல்ஸ், சம்பளம் 1.51 கோடி, 10.8 பர்சென்ட். அடுத்த வருஷம் சேல்ஸ் 3 பர்சென்ட்தான் ஏறும், சம்பளம் 8 ஏத்தறோம்னா அது 11.3 ஆகிடும். அரை பர்சென்ட்தானேன்னு தோணும், ஆனா 14 கோடி மேல அது ஏழரை லட்சம், நேரா லாபத்துல இருந்து போகுது. இத முதலாளி கிட்ட இப்படி ரூபாயா சொன்னாதான் பேச்சு நகரும், பர்சென்ட்டா சொன்னா "பாத்துக்கலாம்பா"ன்னு முடிச்சிடுவார்.

காசு நெஜமாவே டைட்டா இருக்கற வருஷம் நாங்க பண்றது, பர்சென்ட்ட குறைக்காம தேதிய தள்ளறது. ஏப்ரலுக்கு பதிலா ஜூலைல இருந்து 8 குடுத்தா அந்த நிதியாண்டு செலவு 6 பர்சென்ட்தான் ஆகும், ஆளுங்களுக்கும் பேசிக் குறையல. ஆனா இத ஒரு வருஷம் பண்ணலாம், அடுத்த வருஷமும் ஜூலை, அதுக்கடுத்து அக்டோபர்னு இழுத்தா ஏமாத்தறாங்கன்னு எல்லாருக்கும் புரிஞ்சிடும். அடுத்த வருஷ பட்ஜெட்டுல முழு 8ம் உக்காந்துருக்குங்கறதையும் மறந்துடாதீங்க.

மொத்த காசு முடிவானதும் அத அப்படியே பூராத்தையும் பிரிச்சு குடுத்துடாதீங்க. மாசம் ஒரு லட்சம் இருந்தா நான் 70,000 பொது உயர்வுக்கு, 20,000 பின்தங்கி கெடக்கறவங்கள தூக்கவும் ப்ரமோஷனுக்கும், 10,000 தொடாம செப்டம்பர் வரைக்கும் வச்சுக்குவேன். நடுவுல ஒருத்தர் கெளம்பறேன்னு வருவார், ஒருத்தர் திடீர்னு பெரிய பொறுப்ப தூக்குவார், அப்ப முதலாளி கிட்ட புதுசா கெஞ்ச வேண்டியதில்ல.

வெளில என்ன ரேட்

ஏயான், மெர்சர் மாதிரி கம்பெனிங்க வருஷா வருஷம் இந்தியால சராசரி உயர்வு இவ்ளோன்னு சர்வே விடுவாங்க, சமீப வருஷங்கள்ல 9, 10 பர்சென்ட் சுத்தி நிக்குது, பேப்பர்ல வந்த அன்னிக்கே ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்புல ஓடும். அது பெரிய கம்பெனிங்கள கேட்டு எடுக்கற கணக்கு. சிட்கோ தொழிற்பேட்டைல இருக்கற நாப்பது பேர் யூனிட்டுக்கு அது அளவுகோல் ஆகாது. எனக்கு உருப்படியா கெடைக்கற தகவல் இண்டர்வியூக்கு வர்றவங்க கிட்டருந்துதான். "இப்ப எவ்ளோ வாங்கறீங்க, எவ்ளோ எதிர்பாக்கறீங்க"ன்னு கேக்கறத ஒரு தனி ஷீட்டுல எழுதி வைங்க, வருஷம் முடிஞ்சா சிஎன்சி ஆபரேட்டர், கியூசி, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ்னு ஒவ்வொண்ணுக்கும் பத்து பதினஞ்சு நம்பர் சேந்துரும், அதுல நடுவுல இருக்கறதுதான் உங்க ஊர் ரேட். போனவங்க எவ்ளோக்கு போனாங்கங்கறதையும் எழுதுங்க, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க, கழிச்சுக்கலாம்.

விலைவாசி கணக்கு அடிமட்டத்துக்கு. ரிசர்வ் பேங்க் இலக்கு 4 பர்சென்ட், மேல கீழ 2 விட்டுக்குடுப்பாங்க. விலைவாசி 5 ஏறின வருஷத்துல ஒருத்தருக்கு 3 குடுத்தா அது இன்க்ரிமெண்ட் இல்ல, சம்பளத்த வெட்டறது, அப்படி வெட்டணும்னுதான் நெனச்சீங்கன்னா அவர் கிட்ட அத நேரா சொல்லுங்க. கவர்மெண்ட் வேலைல இருக்கற மச்சான் ஒவ்வொரு வீட்லயும் இருப்பார், அவருக்கு வருஷா வருஷம் 3 பர்சென்ட் இன்க்ரிமெண்ட்தான், ஆனா விலைவாசிக்காக குடுக்கற டிஏ (அகவிலைப்படி) வருஷத்துக்கு ரெண்டு தடவை தனியா வரும், நம்மகிட்ட டிஏ கிடையாது, ரெண்டும் சேந்த ஒரே நம்பர்தான். இத ஸ்டாஃப்புக்கு ஒரு தடவை எடுத்து சொல்லிட்டா "கவர்மெண்ட்ல எல்லாம்"ங்கற பேச்சு கொஞ்சம் அடங்கும்.

தமிழ்நாட்டுல குறைந்தபட்ச கூலியோட டிஏ ஏப்ரல் 1ல மாறும். கீழ்மட்ட ஆளுங்களுக்கு அது கட்டாயமா ஏறும், மேல இருக்கற சூப்பர்வைசருக்கு நீங்க 5 போட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த இடைவெளி சுருங்கிக்கிட்டே வரும். எங்க கம்பெனில ஒரு சமயம் அஞ்சு வருஷ சூப்பர்வைசருக்கும் புதுசா சேந்த பையனுக்கும் நடுவுல 1,800தான் வித்தியாசம் இருந்துச்சு, ஓவர்டைம் சேத்தா பையன் அதிகமா வாங்கினான். சூப்பர்வைசர் வந்து, "சார், என்னைய மறுபடி ஆபரேட்டரா போட்டுடுங்க, டென்ஷனாவது குறையும்"னார். வெளையாட்டுக்கு சொல்லல.

யாருக்கு எவ்ளோ

இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றோம். நல்லா வேலை பாத்தா 10, சுமாருக்கு 6னு ஒரே கோடு போட்டுடுவோம். ஆனா ரெண்டு பேரும் ஒரே அளவு நல்லா வேலை பாக்கறாங்க, வெளி ரேட் 40,000 இருக்கற வேலைல ஒருத்தர் 32,000 வாங்கறார், இன்னொருத்தர் 46,000 வாங்கறார்னா ரெண்டு பேருக்கும் 10 போடறது நியாயமா? 32,000 ஆள் நாளைக்கே வெளில போனா எட்டாயிரம் கூட கெடைக்கும், 46,000 ஆளுக்கு வெளில அவ்ளோ கெடைக்கவே கெடைக்காது. அதனால ரெண்டு கேள்வி சேத்து கேக்கணும், வேலை எப்படி, இப்ப சம்பளம் எங்க நிக்குது.

நான் போடற கட்டம் இப்படி: வேலை பிரமாதம், சம்பளம் ரேட்ட விட கம்மி, 12ல இருந்து 14. வேலை பிரமாதம், சம்பளம் ஏற்கனவே ரேட்டுக்கு மேல, 6 இல்ல 7. வேலை சரியா இருக்கு, சம்பளம் கம்மி, 8 இல்ல 9. வேலை சரி, சம்பளம் மேல, 4. வேலையே சரியில்லன்னா எங்க இருந்தாலும் 0ல இருந்து 3, கூடவே ஒரு பேச்சு. 32,000 ஆளுக்கு 13 போட்டா 36,160, 46,000 ஆளுக்கு 6 போட்டா 48,760. ரூபாய்ல பாத்தா 4,160ம் 2,760ம். மேல இருக்கற ஆளு மூஞ்சிய தூக்குவார், அவருக்கு நீங்க ஒரு தடவை ஒரே தொகையா போனஸ் குடுக்கலாம், அது பேசிக்ல ஏறாது, அடுத்த வருஷம் அதுக்கு மேல வட்டி குட்டி போடாது.

குட்டி போடறதுன்னு சொன்னேன்ல, 30,000 சம்பளத்துக்கு வருஷா வருஷம் 8 ஏத்துனா அஞ்சு வருஷத்துல 44,000. 12 ஏத்துனா 52,870. "நாலு பர்சென்ட்தானே அதிகம்"னு ஒருத்தருக்கு பழக்கமா குடுத்துக்கிட்டே வந்தா அஞ்சு வருஷத்துல மாசம் எட்டாயிரத்து எண்ணூறு வித்தியாசம் நிக்கும். ஆளு அதுக்கு தகுதின்னா சந்தோஷம். முதலாளியோட பழைய டிரைவர் சிபாரிசுல வந்த ஆளுன்னா?

கீழ் சம்பளக்காரங்களுக்கு மட்டும் பர்சென்ட்ட நம்பாதீங்க. 15,000க்கு 10 பர்சென்ட் 1,500, 90,000க்கு 9,000. பத்து பர்சென்ட்னு எல்லாருக்கும் சமமா குடுத்ததா நாம பெருமைப்படுவோம், அரிசி பருப்பு விலை என்னவோ எல்லாருக்கும் ஒண்ணுதான். நாங்க எல்லாருக்கும் ஆளுக்கு 800 நிலையா, மீதிய மேல சொன்ன கட்டத்துப்படி பிரிப்போம். மொத்த காசு அதேதான், ஆனா கீழ இருக்கறவங்க கைல கொஞ்சம் தெரியற மாதிரி ஏறும்.

ரேட்டிங்க பத்தி. பெரிய கம்பெனிய பாத்து நாமளும் பெல் கர்வ், அதாவது இத்தன பேர் பிரமாதம், இத்தன பேர் மோசம்னு கட்டாயமா பிரிக்கறது, போடலாம்னு ஒரு சமயம் எங்களுக்கு ஆச வந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டே அந்த வரிசைப்படுத்தற முறைய 2013ல தூக்கி போட்டாங்க, லட்சம் பேர் வேலை பாக்கற எடத்துலயே சரிவரலன்னா ஆறு பேர் இருக்கற கியூசில எங்க போயி ஒருத்தர கட்டாயமா "மோசம்"னு போடறது? அதுக்கு பதிலா டிபார்ட்மெண்ட் ஹெட் ஒவ்வொருத்தர் பேருக்கும் ரெண்டு சம்பவம் எழுதணும்னு வச்சோம், நல்லதோ கெட்டதோ, தேதியோட. "நல்ல பையன்", "சின்சியர்" எல்லாம் செல்லாது. "ஆகஸ்ட்ல கம்ப்ரசர் போனப்ப ஞாயித்துக்கிழம வந்து நின்னார்", இது செல்லும். இல்லன்னா மார்ச்ல உக்காந்து எழுதறப்ப பிப்ரவரில நடந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு வரி எழுதி வாங்கிடுங்க, கெஞ்சித்தான் வாங்கணும், வேற வழியில்ல.

வருஷ நடுவுல சேந்தவங்களுக்கு மாச கணக்குப்படி குடுங்க, அக்டோபர்ல சேந்தா பாதி. ஆனா பிரசவ லீவுல போன பொண்ணுக்கு இந்த மாச கணக்கு போடாதீங்க. 26 வாரம் சட்டப்படி குடுக்க வேண்டிய லீவு, அத வச்சு இன்க்ரிமெண்ட்ட வெட்டறது அசிங்கம், கேஸ் போட்டா நிக்கவும் நிக்காது. லீவுக்கு முன்னாடி பாத்த வேலைய வச்சு ரேட்டிங் போடுங்க, முடிஞ்சுது. அப்படியே ஷீட்ட ஒரு தடவை ஆண், பெண்னு ஃபில்டர் போட்டு பாருங்க, ஒரே வேலைக்கு வேற வேற சம்பளம் இருக்கான்னு. எங்க ஷீட்டுல இருந்துச்சு. பர்ச்சேஸ்ல இருந்த மேடம் ஒரு தடவை கூட வந்து கேட்டதில்ல, அந்த ஒரே காரணம்தான்.

யூனியன் இருக்கற எடத்துல தொழிலாளிங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அது ஒப்பந்தம் போட்டு மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பேசறது, ஸ்டாஃப்புக்கு மட்டும்தான் இந்த கட்டம்.

21,000 கோடு

ஈஎஸ்ஐ, அதாவது கொறஞ்ச சம்பளக்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் வைத்தியம் குடுக்கற அரசு காப்பீட்டு திட்டம், இத தனியா சொல்லணும், நான் பண்ண பெரிய தப்பு இங்கதான். 20,400 கிராஸ் வாங்கிட்டு இருந்த ஒரு தம்பிக்கு ஏப்ரல் 1ல இருந்து 7 பர்சென்ட் போட்டேன், 21,828. எல்லாருக்கும் சந்தோஷம். ஜூன்ல அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு வந்தப்பதான் விசாரிச்சோம், ஈஎஸ்ஐ வரம்பு 21,000, நான் ஏப்ரல் 1ல வரம்ப தாண்ட வச்சதால அன்னிக்கே அந்த தம்பி திட்டத்த விட்டு வெளில வந்துட்டான். நல்லவேளை, முன்னாடி கட்டுன அக்டோபர் டு மார்ச் பணத்துக்கான பலன் காலம் ஜூலை டு டிசம்பர்னும், அதுக்கு முந்தின அரையாண்டுக்கானது ஜூன் வரைக்கும்னும் இருந்ததால அந்த தடவை தப்பிச்சோம். ஆனா டிசம்பருக்கு அப்புறம்? மாசம் 1,428 ஏத்திட்டு குடும்பத்தோட வைத்தியத்த பிடுங்கியிருக்கேன்.

இப்ப என்ன பண்றேன்னா, 19,000ல இருந்து 21,000 வரைக்கும் இருக்கற பேர எல்லாம் மஞ்சள் கலர் அடிச்சு தனியா எடுப்பேன். ஒவ்வொருத்தருக்கும் மூணு வழி. ஒண்ணு, பங்களிப்பு காலம் ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்னு ரெண்டு. காலம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நடுவுல வரம்ப தாண்டினா அந்த காலம் முடியற வரைக்கும் உள்ளதான் இருப்பாங்க. அதனால அவங்களுக்கு மட்டும் மே 1ல இருந்து ஏத்துனா செப்டம்பர் 30 வரைக்கும் ஈஎஸ்ஐ ஓடும், அந்த ஒரு மாச வித்தியாசத்த வேற விதமா குடுத்துடலாம். ரெண்டு, தாண்ட வைக்கறதுன்னா கம்பெனி அவருக்காக கட்டிட்டு இருந்த 3.25 பர்சென்ட் மிச்சம் ஆகுது பாருங்க, 20,400க்கு மாசம் 663, வருஷம் 7,956, அத அப்படியே குரூப் மெடிக்ளைம் ப்ரீமியத்துல போடுங்க, முதலாளி பாக்கெட்டுல விடாதீங்க. மூணு, அவர் கிட்டயே கேளுங்க. வீட்ல வயசானவங்க இருக்கறவங்க "சார், 20,950ல நிறுத்திக்கங்க, அடுத்த வருஷம் சேத்து போடுங்க"ன்னு அவங்களே சொல்வாங்க. புது லேபர் கோட்ல வேஜஸ்ங்கற வார்த்தைக்கு அர்த்தமே மாறியிருக்கு, அதனால இந்த 21,000த்துல எந்தெந்த அலவன்ஸ் சேரும், எது சேராதுங்கறத ஷீட்ட மூடறதுக்கு முன்னாடி உங்க பிஎஃப் ஈஎஸ்ஐ கன்சல்டண்ட் கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

சொல்றது எப்படி

யார் சம்பளமும் ரகசியமா இருக்காதுங்க. லெட்டர் குடுத்த ரெண்டாவது நாள் டீக்கடைல எல்லாம் தெரிஞ்சிடும். அதனால ஷீட்ட முடிக்கறதுக்கு முன்னாடி நான் பண்ற சோதனை, ஒரே வேலை பாக்கற ரெண்டு பேர் லெட்டர பக்கத்துல பக்கத்துல வச்சு, ஏன் வித்தியாசம்னு ஒரு வாக்கியத்துல என்னால சொல்ல முடியுதான்னு பாப்பேன். முடியலன்னா ரெண்டுல ஒரு நம்பர் தப்பு.

லெட்டர ஹெச்ஆர் குடுக்கக்கூடாது, டிபார்ட்மெண்ட் ஹெட் குடுக்கணும், உக்கார வச்சு. மெயில்ல அனுப்பிட்டு ஓடறது வேலைக்கு ஆகாது. அதுவும் கம்மியா போட்ட ஆளுக்கு. எங்க புரொடக்ஷன் மேனேஜர் ஒருத்தர் இதுல கெட்டிக்காரர், அவர் பேசறத பக்கத்துல நின்னு கேட்டுருக்கேன்.

"தம்பி, இந்த வருஷம் நாலு போட்டுருக்கேன். பொதுவா எல்லாருக்கும் எட்டு."

"ஏன் சார் எனக்கு மட்டும்?"

"ரிஜெக்ஷன் ரெண்டு லாட் உன் மிஷின்ல இருந்து போச்சு, செப்டம்பர்ல ஒண்ணு, ஜனவரில ஒண்ணு. ரெண்டு தடவையும் நான் சொன்னேன். அடுத்த ஆறு மாசம் அப்படி இல்லன்னா அக்டோபர்ல நானே போயி பேசறேன்."

"மேனேஜ்மெண்ட்ல குறைச்சுட்டாங்க"ன்னு பழிய மேல தூக்கி போடல பாருங்க, அது ஒண்ணுதான் எனக்கு அவர் கிட்ட பிடிச்சது. அக்டோபர்ல போயி பேசவும் செஞ்சார், நான் எடுத்து வச்ச பத்தாயிரத்துலதான் கை வச்சார்.

இதுக்கு நேர் எதிரா, பேப்பர் போட்டப்புறம் ஏத்திக் குடுக்கறது. நான் அத முடிஞ்ச வரைக்கும் எதிர்ப்பேன். மார்ச்ல 6 தான் முடியும்னு சொல்லிட்டு மே மாசம் ராஜினாமா லெட்டர் வந்ததும் 25 குடுத்தா, மத்த நாப்பத்தியொரு பேருக்கும் நாம என்ன பாடம் நடத்தறோம்? எப்படி கேட்டா கெடைக்கும்னு சொல்லிக் குடுக்கறோம். அப்படி குடுத்தே ஆகணும்ங்கற ஆளா இருந்தா அவர் உங்க கட்டத்துல 14 வாங்க வேண்டியவர், அத நவம்பர்லயே நீங்க பாத்துருக்கணும்.

லெட்டர்ல பழைய கிராஸ், புது கிராஸ், பேசிக், ஹெச்ஆர்ஏ, மத்த அலவன்ஸ், எந்த தேதில இருந்து, இவ்ளோவும் தனித்தனியா இருக்கணும். சிடிசி (ஒரு ஆளுக்காக கம்பெனிக்கு ஆகற மொத்த செலவு) மட்டும் போட்டு "உங்களுக்கு 8 பர்சென்ட்"னு எழுதாதீங்க, அந்த சிடிசிக்குள்ள கம்பெனி பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் ஒளிஞ்சிருக்கும், அவர் பிஎஃப் பங்கும் அந்தப்பக்கம் ஏறும், கைக்கு வர்றது அவர் நெனச்சத விட கம்மியா இருக்கும், முதல் சம்பளத்தன்னிக்கே சண்டை. நான் லெட்டர் கடைசில "கைக்கு வரும் தொகை சுமாரா இவ்வளவு"ன்னு ஒரு வரி சேத்துடறேன், அது வந்ததுக்கு அப்புறம் மே மாசம் என் டேபிளுக்கு வர்ற கூட்டம் பாதியா கொறஞ்சிடுச்சு.

கையெழுத்து லேட்டாகி ஏப்ரல் சம்பளத்துல போட முடியலன்னா மே மாசத்துல அரியர்ஸ தனி வரியா காட்டுங்க, பேசிக்கோட கலந்து போட்டா ஜூன்ல சம்பளம் கொறஞ்ச மாதிரி தெரியும். அரியர்ஸுக்கும் பிஎஃப் உண்டு. போட்டு முடிச்சதும் ஷீட்ட அந்த வருஷ பேர்ல ஒரு காப்பி எடுத்து பூட்டி வச்சுடுங்க, யாருக்கு ஏன் அந்த நம்பர் போட்டோம்னு எழுதின பத்தியோட (column). நவம்பர்ல மறுபடி அதத்தான் தெறக்கணும்.